பில் வார்ட் குறித்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

பிளாக் சாபத் ராக் குழு 2025 ஜூலை 5 அன்று வில்லா பார்க் மைதானத்தில் நடத்திய கடைசி நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு நீங்கள் அனுப்பிய ஒற்றை வரிக்கு நான் பதில் போடவில்லை. "வார்டுக்கு அந்த மேடையில் என்ன வேலை?" என்று குழுவின் டிரம்மரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதே மாதம் 22 ஆம் தேதி குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் இறந்துபோனார். துக்கத்தில் இருப்பவரிடம் வாதாடக் கூடாது என்று அப்போது பேசாமல் இருந்துவிட்டேன். இதை உங்களுக்குத் தனியாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் தனியாக எழுதிய எதற்கும் உங்களிடமிருந்து பதில் வந்ததில்லை. பொதுவில் எழுதினால் யாராவது உங்களிடம் கொண்டுவந்து காட்டுவார்கள்.

கிடார் வாசித்த டோனி அயோமியின் விரல் நுனிகள் தகரப் பட்டறை எந்திரத்தில் போன கதையையும், முதல் ஆல்பத்தை லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்து முடித்த கதையையும் எனக்குச் சொன்னவரே நீங்கள்தான் என்பதால் அவற்றை விடுகிறேன். நீங்கள் ஒருபோதும் சொல்லாத ஆளைப் பற்றியே எழுத வந்தேன். 'பாரனாய்ட்' ஆல்பத்தின் 'வார் பிக்ஸ்' பாட்டில் ஓஸி வாயைத் திறக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கிடார் இரண்டு அடி அடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதன்பின் அந்தக் குரலுக்குத் துணையாக இருப்பது வார்டின் ஹை-ஹாட் தகடுகள் மட்டுமே. ஜீன் குரூப்பாவைப் போன்ற ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்த கை அது. தாளத்தைக் கட்டிப்போடாமல், பாடுகிறவன் அடுத்து எங்கே காலை வைப்பான் என்று பார்த்துக்கொண்டே கூட வரும். 1970 இல் 'பாரனாய்ட்' ஆல்பம் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனதற்கு அயோமியின் கிடாரை மட்டும் காரணம் சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் காதில் வாங்காதவர்கள். நீங்களும் வாங்கவில்லை.

அந்த ஆல்பம் நம்மிடம் இருந்தது ஒரு அறுபது நிமிடக் கேசட்டில்தான். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். 'எலக்ட்ரிக் ஃப்யூனரல்' முடிந்து 'ஹேண்ட் ஆஃப் டூம்' பாதி போவதற்குள் நாடா தீர்ந்துவிடும். ரெக்கார்டிங் கடைக்காரர் மறுபக்கத்தில் அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டிருந்தார். பாட்டு அறுபட்டதும் பிளேயரின் பொத்தான் சட்டென்று மேலே எழும், நீங்கள் கையை நீட்டிக் கேசட்டைத் திருப்பிப் போடுவீர்கள். இடையில் கிடைக்கும் அந்தச் சில நொடிகளில்தான், அப்பா சொல்லச் சொன்னதை நான் உங்களிடம் சொன்னேன். நீங்கள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கேசட்டைத் திருப்பிப் போட்டு, 'ஹேண்ட் ஆஃப் டூம்' மறுபடி முதலிலிருந்து தொடங்கி முடியும்வரை உட்கார்ந்து கேட்டீர்கள்; ஏழு நிமிடப் பாட்டு அது. பிறகு எழுந்து பெட்டியை எடுத்தீர்கள். அப்பா சொல்லச் சொன்னது என்ன, ஏன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. உறவினர் சிலர் இதைப் படிப்பார்கள், உங்கள் பிள்ளைகளும் படிக்கக்கூடும். அதை உங்களிடம் சொன்னது நான் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்ததே.

இனி 1979 க்கு வருகிறேன். குழு லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகை வீடு எடுத்து மாதக்கணக்கில் தங்கியும் அடுத்த ஆல்பம் நகரவில்லை. ஓஸி குடியில் கிடந்தார். அதற்காக மற்றவர்கள் தெளிவாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1972 இல் அதே ஊரில் 'வால்யூம் 4' பதிவு செய்தபோதே கொக்கெயின் ஆறாக ஓடியது. ஆல்பத்தின் உறையில் அதற்கு மறைமுகமாக நன்றி சொல்லுமளவுக்கு ஓடியது. ஓஸியை நீக்குவது என்று முடிவானதும், அவருக்கு மிகவும் நெருங்கியவர் என்பதால் வார்டிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். நெருங்கியவன் சொன்னால் வலி குறையும் என்று எண்ணியிருப்பார்கள். அல்லது மற்றவர்களுக்கு நேரில் முகம் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல் இருந்திருக்கும். இரண்டாவதுதான் உண்மையாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன், நம் வீட்டை வைத்து.

அந்த வார்டு எப்படிப்பட்டவர் என்பதையும் யோசியுங்கள். 'வால்யூம் 4' பதிவின்போது 'கார்னுகோப்பியா' பாட்டின் தாளம் கைக்கு வராமல் திணறி, தன்னையே விரட்டிவிடுவார்களோ என்று பயந்தவர். அதே ஆல்பத்தின் 'சேஞ்சஸ்' அவருடைய மணவாழ்க்கை முறிந்த வேதனையை வைத்து, குழுவில் பேஸ் கிடார் வாசித்த கீஸர் பட்லர் எழுதியது; அதைப் பாடியவர் ஓஸி. 1978 இல் 'நெவர் சே டை' ஆல்பத்தில் ஓஸி பாட மறுத்த 'ஸ்விங்கிங் தி செயின்' பாட்டைப் பாடி முடித்துக் கொடுத்தவரும் வார்டுதான். ஒருவருடைய துயரத்தை மற்றவர் பாடியும், ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பியும் பழகிய இருவர் அவர்கள். அப்படிப்பட்டவர் அந்தச் சேதியைச் சந்தோஷமாகச் சுமந்திருப்பாரா? ஓஸியின் இடத்தில் பாட வந்த ரானி ஜேம்ஸ் டியோவை வைத்து 1980 இல் 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பம் பெரும் வெற்றி பெற்ற பிறகும், அந்தச் சுற்றுப்பயணத்தின் பாதியிலேயே வார்டு குழுவை விட்டுப் போனார். ஓஸி இல்லாத மேடையைத் தாங்க முடியவில்லை என்று பிறகு சொன்னார். முடிவெடுத்தவர்கள் தொடர்ந்து வாசித்தார்கள், சேதி சொன்னவர்தான் வெளியேறினார்.

நான் வெளியேறவில்லை, அது உண்மை. அந்த வீட்டிலேயே இருந்தேன், அப்பாவின் கடைசிக் காலம்வரை இருந்தேன். யாராவது ஒருவர் இருக்க வேண்டியிருந்தது என்பதை நீங்கள் ஒரு நாளாவது நினைத்துப் பார்த்திருந்தால் எனக்குப் போதும். அன்று நான் மறுத்திருக்கலாம் என்கிறீர்கள். மறுத்திருக்கலாம்தான், அண்ணா, அதற்காக வருந்துகிறேன், மன்னிப்பும் கேட்கிறேன். ஆனால் மறுத்திருந்தால் அப்பா எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பியிருப்பார். உங்களுக்கு அது மேலாகப் பட்டிருக்குமா? அப்பாவை நீங்கள் எப்போதோ மன்னித்துவிட்டீர்கள், அவர் படம் உங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அயோமியையும் நீங்கள் குறை சொல்லிக் கேட்டதில்லை. கோபமெல்லாம் வார்டின் மேல்தான்.

ஓஸிக்கே அந்தக் கணக்கு அவ்வளவு நேராக இருக்கவில்லை. 2013 இல் '13' ஆல்பம் வார்டு இல்லாமல் வந்ததைச் சுற்றி இருவருக்கும் நடந்த வார்த்தைப் போரை உலகமே படித்தது. அப்படியிருந்தும், வில்லா பார்க்கில் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி அவர் பாடிய கடைசி நான்கு பாட்டுகளுக்குப் பின்னால் டிரம்ஸில் இருந்தவர் வார்டுதான். முதல் பாட்டு 'வார் பிக்ஸ்'. கிடார் ஒதுங்கிக்கொள்ளும் அந்த இடத்தில் அந்த மனிதருக்கு என்ன வேலை என்பதை அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் அம்மா உங்களிடம் சொல்லச் சொல்லி என்னிடம் ஒன்று சொன்னார். கெட்ட செய்தி இல்லை, பதற வேண்டாம். அதை நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை என்று அம்மாவிடமே சொல்லிவிட்டேன். மாலை ஐந்து மணிக்கு மேல் விழித்திருப்பார், காது சற்று மந்தம் என்பதால் உரக்கப் பேச வேண்டும். எண் பழையதுதான். நீங்களே அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தம்பி