38 அத்தியாயத்தில் ஒன்றுகூட சோடை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், முதலிலிருந்து கடைசிவரை தரம் குறையாத தொலைக்காட்சித் தொடர்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அமெரிக்கச் சரக்கு. கொலை, போதை மருந்து, துப்பாக்கி. அவற்றில் 'பிரேக்கிங் பேட்' இடம்பெற்றதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 62 அத்தியாயத்தோடு கதை முடிந்தது என்று எழுந்து போனவர்கள் அவர்கள். ஆனால் 'யெஸ் மினிஸ்டர்' இல்லாத பட்டியலை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மாநில அரசு அலுவலகமொன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. பிபிசியில் 1980 பிப்ரவரியில் தொடங்கியது. ஜிம் ஹேக்கர் என்ற அமைச்சர், அவருடைய துறைச் செயலாளர் சர் ஹம்ஃப்ரி, நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கும் தனிச்செயலாளர் பெர்னார்ட். மூன்றே பேர். அமைச்சர் ஏதாவது செய்ய நினைப்பார், செயலாளர் அது நடக்காமல் பார்த்துக்கொள்வார். எல்லாம் மரியாதையோடுதான். அமைச்சர் எந்தக் கட்சி என்று கடைசிவரை சொல்லவே மாட்டார்கள். கட்சி மாறினாலும் கோப்பு மாறாது என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும், எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

மகன் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். கீழே எழுத்து ஓடினாலும், ஹம்ஃப்ரி மூச்சுவிடாமல் பேசும் அந்த நீளமான வாக்கியங்களுக்கு நான் நிறுத்தி நிறுத்தித்தான் பார்த்தேன். 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் சொல்லாமல் ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதத் தெரிந்த அதிகாரிகளிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களை வாய்விட்டுப் பேசச் சொன்னால் இப்படித்தான் இருக்கும். அந்த வேடத்துக்கு நைஜல் ஹாதோர்னுக்கு நான்கு முறை பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை. அமைச்சராக நடித்த பால் எடிங்டனுக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. அது அநியாயம். பதில் சொல்லத் தெரியாமல் முழிப்பதையும் சேர்த்துத்தானே அங்கே நடிப்பு?

இரண்டாவது பருவத்தின் முதல் அத்தியாயம், 1981-இல் வந்தது. லண்டனில் ஒரு புது மருத்துவமனை. நிர்வாகப் பணியாளர் மட்டும் 500 பேர். நோயாளி ஒருவரும் இல்லை. மருத்துவருக்கும் செவிலியருக்கும் பணம் ஒதுக்கவில்லை. அமைச்சர் நேரில் போகிறார். நிர்வாகி அம்மா பெருமையோடு சுற்றிக் காட்டுகிறார். நாட்டிலேயே மிகச் சிறப்பாக நடக்கும் மருத்துவமனைகளில் இது ஒன்றாம். சுகாதாரத்துக்கு விருதே வாங்கும் நிலையில் இருக்கிறதாம். நோயாளி வராவிட்டால் சுகாதாரத்துக்கு என்ன குறைச்சல்! அமைச்சர் கத்துகிறார், அந்த அம்மாவுக்கு அவர் ஏன் கத்துகிறார் என்றே புரியவில்லை. அந்தக் காட்சியில் யாரும் கெட்டவர் இல்லை. எல்லோரும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள். நான் பணியாற்றிய ஒரு மாவட்டத்தில் கட்டடம் எழும்பி, ரிப்பன் வெட்டி, காவலாளியும் துப்புரவுப் பணியாளரும் போட்டு, வருகைப் பதிவேடும் ஒழுங்காக நடந்துவந்த ஓர் இடம் உண்டு. மக்கள் எந்த வேலைக்காக அங்கே வர வேண்டுமோ அந்த வேலைக்கான பணியிடத்துக்கு மட்டும் ஒப்புதல் வரவில்லை. ஆகவே அந்த அத்தியாயம் என் வீட்டில் இரண்டு முறை ஓடியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொடர் ஏன் கெட்டுப்போகவில்லை?

எழுதியவர்கள் இரண்டே பேர், ஆன்டனி ஜேயும் ஜொனதன் லின்னும். முதலிலிருந்து கடைசிவரை அவர்கள்தான். 1980, 81, 82 மூன்று ஆண்டும் பருவத்துக்கு ஏழு அத்தியாயம். அதற்கு மேல் இல்லை. அரசாங்கத்தின் உள்ளே இருந்து பார்த்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். அப்புறம் ஓர் இடைவெளி. 1984 டிசம்பரில் ஒரு மணி நேரச் சிறப்பு அத்தியாயம் ஒன்று. அதில் அமைச்சர், பிரதமர் பதவிக்கே தள்ளிவிடப்படுகிறார்.

வழக்கமாகத் தொடர்கள் பல்லிளிப்பது இந்த இடத்தில்தான். கதாநாயகனுக்குப் பதவி உயர்வு கொடுத்து, புது வீடு, புது ஆட்கள் என்று கொண்டுவந்தால் பழைய ருசி போய்விடும். இங்கே போகவில்லை. 1986-இல் 'யெஸ் பிரைம் மினிஸ்டர்' என்று பெயர் மாற்றி எட்டு, மறுபடி ஓர் எட்டு. 1988 ஜனவரியோடு கடையைக் கட்டினார்கள். ஆக மொத்தம் 38. ஆள் மாறவில்லை, ஆனால் ஆட்களுக்குள் பலம் மாறியது. முதல் பருவத்தில் ஏமாளியாக இருந்த ஹேக்கர் இப்போது சில சமயம் ஜெயிக்கிறார். 'சாவி' அத்தியாயத்தில் பிரதமரின் பெண் ஆலோசகர் தன் அறை பறிபோனதற்காகச் சண்டை போடுவார். அறை என்ன பெரிய விஷயம் என்று கேட்டால், அது ஆண்கள் கழிப்பறைக்கு எதிரே இருக்கிறது என்பார்! மந்திரிகள் கூட்டத்திலிருந்து எழுந்து அங்கே போகும்போது முணுமுணுப்பதெல்லாம் அவர் காதில் விழும். எங்கள் அலுவலகத்தில் அதிகாரி அறைக்கு வெளியே தண்ணீர்ப் பானை இருந்த மூலைக்காக இரண்டு பிரிவுகள் அடித்துக்கொண்டதை நேரில் பார்த்தவன் நான். அந்த அத்தியாயத்தின் முடிவில் ஹம்ஃப்ரிக்கே பிரதமர் வீட்டுச் சாவி இல்லாமல் போகிறது. அவ்வளவு பெரிய மனிதர் ஜன்னல் பக்கம் வந்து தவிக்கிறார். அத்தனை அத்தியாயம் அவரிடம் தோற்றவர்களோடு உட்கார்ந்திருந்த நமக்கு அது கல்யாணச் சாப்பாடு.

என் கட்சிக்கு எதிரான ஒரு சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். 2013-இல் அதே இரண்டு எழுத்தாளர்கள், அதே பாத்திரங்களை வைத்துப் புது நடிகர்களோடு ஆறு அத்தியாயம் எடுத்தார்கள். குறைவாகத்தான் எடுத்தார்கள், இருந்தும் எடுபடவில்லை. எடிங்டனும் ஹாதோர்னும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். ஆக, கொஞ்சமாக எடு, நீயே எழுது என்பது மட்டும் போதாது. முடிந்ததை முடிந்ததாக விடவும் வேண்டும். இந்தியில் 2001-இல் ஃபாரூக் ஷேக் நடித்து 'ஜி மந்த்ரிஜி' வந்தது. அதை மூலத்தோடு ஒப்பிட நான் தயாரில்லை.

நம்மூரில் இது நடக்காது என்று உடனே யாராவது எழுதுவார்கள். நடந்திருக்கிறது. 1986-87இல் சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' கர்நாடகத்தின் ஆகும்பேயில் படமாக்கப்பட்டு தூர்தர்ஷனில் வந்தது. ஆர்.கே. நாராயணின் கதைகள், அவர் தம்பி லக்ஷ்மணின் ஓவியம், எல். வைத்தியநாதனின் இசை. ஒரு சிறுகதைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் நேரம். அன்றைய தூர்தர்ஷன் 13 வாரம் என்று கணக்குப் போட்டு அனுமதி கொடுத்தது. அதைத் தயாரிப்பாளர்கள் திட்டியிருக்கலாம். ஆனால் எழுதுகிறவருக்கு முடிவு எங்கே என்று முதல் நாளே தெரியும்.

இப்போது என் வீட்டில் இரவு ஓடும் ஒரு தொடரில் (பெயர் வேண்டாம், மனைவி கோபித்துக்கொள்வாள்) கதாநாயகியின் அப்பா மூன்றாவது ஆளாக மாறிவிட்டார். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி, அவ்வளவுதான். ஒரு கன்னத்தில் அறை விழுந்தால் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் முகத்தையும் மும்முறை காட்டி, மின்னலும் அடித்து, அன்றைய அத்தியாயமே முடிந்துவிடுகிறது. முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் இருந்தது. நானும் பார்த்தேன், மறுக்கவில்லை. ஒரு மாமியார், வேலைக்குப் போகும் மருமகளின் சம்பளக் கவரை வாங்கி சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு, திருப்பித் தராமலே இருப்பார். ஒரு வார்த்தை வசனம் இல்லை. அதை எழுதியவருக்கு எழுத்துத் தெரியும். வியாழக்கிழமை டிஆர்பி என்ற பார்வையாளர் கணக்கு வந்ததும் அவரை வேறு மாதிரி எழுதச் சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம். இல்லாவிட்டால் அதே மாமியார் பாயசத்தில் விஷம் கலக்கும் நிலைக்கு எப்படி வருவார்?

நடிகர்களையும் எழுத்தாளர்களையும் நான் குறை சொல்லவில்லை. வாரத்துக்கு ஆறு அத்தியாயம் கொடு, எப்போது முடியும் என்று கேட்காதே என்றால் ஜேயும் லின்னும்கூட விஷப் பாயசத்துக்குத்தான் வந்திருப்பார்கள்.

எனவே ஒரு வேண்டுகோள். தங்கள் சினிமாப் பக்கத்தில் புதுத் தொடர் பற்றிய அறிவிப்பு வரும்போது, நாயகி பேட்டி, சேலை விவரம் எல்லாம் போடுங்கள். கூடவே மொத்தம் எத்தனை அத்தியாயம் என்று தயாரிப்பாளரிடம் கேட்டு ஒரு வரி அச்சிடுங்கள். பதில் சொல்லாவிட்டால், சொல்லவில்லை என்றே போடுங்கள். பட்டியலின் அடுத்த பகுதி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் இந்த 38-க்கும் ஓர் இடம் ஒதுக்கினால் நல்லது. 'பரிசீலனையில் உள்ளது' என்று மட்டும் பதில் போட்டுவிடாதீர்கள். அந்தப் பதிலை நானே நிறையத் தயார் செய்து கையெழுத்துக்கு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்,
கும்பகோணம்