பங்க் ராக் மட்டும் காரணமில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

எழுபதுகளின் ராக் இசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். பிங்க் ஃப்ளாய்ட், யெஸ், ஜெனசிஸ் எல்லாம் இருந்தன. ஜென்டில் ஜயன்ட் என்ற பிரிட்டிஷ் குழுவைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லாதது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. நீண்ட, சிக்கலான பாட்டுகளைச் செய்த இந்தப் புரோகிரசிவ் ராக் குழுக்களை, எளிமையும் வேகமும் கொண்ட பங்க் ராக் அலைதான் அடித்துச் சென்றது என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். இந்தக் குழு விஷயத்தில் என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் வளர்ந்த ஃபில், டெரெக், ரே ஷுல்மன் மூவரும் அண்ணன் தம்பிகள். முதலில் வேறு பெயரில் பாப் குழு நடத்தினார்கள். 1967 கடைசியில் அவர்களுடைய ஒரு பாட்டு பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்தது. அவர்களுக்கே அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. அதையெல்லாம் உதறிவிட்டு 1970ல் ஜென்டில் ஜயன்ட்டைத் தொடங்கினார்கள். லண்டன் ராயல் அகாடமியில் இசை படித்த கெரி மின்னியரும் கிட்டார் வாசித்த கேரி கிரீனும் சேர்ந்துகொண்டார்கள். மக்களுக்குப் பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை, வெகுஜன இசையின் எல்லையை விரிப்பதே எங்கள் நோக்கம் என்ற பொருளில் 1971ல் இரண்டாவது ஆல்பத்தின் உறையிலேயே எழுதிவைத்தார்கள். எழுதியபடியே வாசிக்கவும் செய்தார்கள். மேடையில் ரே பேஸ் கிட்டாரை வைத்துவிட்டு வயலினை எடுப்பார், மின்னியர் கீபோர்டை விட்டுச் செல்லோவுக்குப் போவார். அப்புறம் எல்லோருமாகத் தாள வாத்தியங்களில் இறங்குவார்கள்.

1972ல் ‘ஆக்டோபஸ்’ வந்தபின் மூத்தவர் ஃபில் விலகினார். குடும்பஸ்தருக்கு ஊர் ஊராகச் சுற்றும் பிழைப்பு ஒத்துவரவில்லை. அந்த இழப்போடு செய்த அடுத்த ஆல்பம் கண்ணாடி உடையும் சத்தத்தோடு தொடங்கும். அந்தச் சத்தமே திரும்பத் திரும்ப வந்து தாளமாகிவிடும். பாட்டு அதன்மேல் ஏறிக்கொள்ளும். அமெரிக்க நிறுவனம் அதை வெளியிட மறுத்தது. ஆனாலும் அங்குள்ள ரசிகர்கள் இறக்குமதி இசைத்தட்டாகவே வாங்கிக் கேட்டார்கள்.

இப்படிப்பட்ட ரசிகர்களை வைத்துக்கொண்டுதான் 1977லிருந்து வானொலிக்கு ஏற்றபடி பாட்டுகளைச் சுருக்கி எளிமையாக்கப் பார்த்தார்கள். 1978ல் வந்த ஆல்பத்தைக் கேட்டால் வேறு யாரோ பாடுவதுபோல இருக்கும். புதிய ரசிகர்கள் வரவில்லை, பழையவர்களும் ஒதுங்கினார்கள். பங்க் அவர்களை நெருக்கியது உண்மைதான். ஆனால் தங்களுக்கு மட்டுமே வந்த வித்தையை அவர்களாகத்தான் கீழே வைத்தார்கள் என்பது என் எண்ணம். 1980 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் கடைசிக் கச்சேரி.

பிறகு டெரெக் இசைத்தட்டு நிறுவன அதிகாரியாகி பான் ஜோவி ராக் குழுவை ஒப்பந்தம் செய்தார். ரே 2023ல் காலமானார். நம் ஊர்ப் பக்கம் அது செய்தியாகவே வரவில்லை என்று நினைக்கிறேன்.

இவர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். அதுவரை, வாசகர்கள் 1976 ஐரோப்பியப் பயணத்தில் பதிவான ‘ப்ளேயிங் த ஃபூல்’ நேரடி ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்.

– வாசகர், திருச்சி