வராதவர் சம்மதித்தவர் ஆகிறார்

உலக வர்த்தக அமைப்பின் 166 உறுப்பினர்கள் சார்பில் முடிவெடுக்கும் வர்த்தக அமைச்சர்களுக்கு,

வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு நாட்டுப்படகுக் குடும்பத்துப் பெண் நான். விடிகாலை மூன்று மணிக்கு என் கணவர் படகில் ஊற்றுவது அரசு வரிவிலக்கோடு தரும் டீசல். படகு கரையேறியதும் வலையில் சிக்கிய சூடையையும் மத்தியையும் கழற்றிக் கூடையில் போட்டு விற்கப் போவது என் வேலை.

அந்த டீசல் போன்ற மீன்பிடி மானியங்களைப் பற்றிய பேச்சை 2001-இல் தோகாவில் தொடங்கினீர்கள். 2022 ஜூன் 17 விடிகாலையில் ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தம் கண்டீர்கள். 2025 செப்டம்பர் 15-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்ற நாடுகளில் திருட்டு மீன்பிடிப்புக்கும், அருகிப்போன மீனைப் பிடிப்பதற்கும் இனி மானியம் கிடையாது. மனதார வரவேற்கிறேன். ஆனால் படகும் கப்பலும் அளவுக்கு மீறிப் பெருகத் தரும் மானியத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டீர்கள். 2018-இல் உலகம் மீன்பிடிக்குத் தந்த மானியம் சுமார் 3,540 கோடி டாலர். அதில் ஏறக்குறைய 2,200 கோடி இந்த வகை என்பது ஆய்வாளர்கள் கணக்கு. எங்கள் டீசலும் இதில்தான் வருகிறது. சொந்தக் கரையை விட்டு ஆயிரக்கணக்கான மைல் போய், மாதக்கணக்கில் கடலை அரிக்கும் கப்பலின் டீசலும் இதில்தான் வருகிறது. இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள் என்பதில் என் அடுப்பு இருக்கிறது.

பிரிக்கப்போகும் முறைதான் என்னைப் பயமுறுத்துகிறது. உங்கள் அமைப்பை உருவாக்கிய மராகேஷ் உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவில் ஓர் அடிக்குறிப்பு உண்டு: கூட்டத்தில் இருக்கும் எவரும் முறைப்படி மறுக்காவிட்டால் அது ஒருமித்த முடிவு. அப்படியானால் வராதவர் சம்மதித்தவர். உங்கள் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவில் நிரந்தர அலுவலகம் வைக்க வசதியில்லாத சிறு தீவு நாடுகள் உங்களில் உண்டு. உங்கள் அமைச்சர்கள் மாநாட்டில் ஒரே நேரத்தில் நாலு அறையில் பேச்சு நடந்தால், இரண்டே பேர் வந்த நாடு எந்த அறையில் உட்காரும்? தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் கூப்பிட்டுப் பேசும் 'பச்சை அறை'க்கு அழைப்பு வராதவர் என்ன செய்வார்? அபுதாபியில் 2024 பிப்ரவரி 29-இல் முடிய வேண்டிய மாநாடு மார்ச் 2 வரை இழுத்தது. இழுத்த ஒவ்வோர் இரவும் ஏழை நாட்டுக்கு விடுதி வாடகை.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்கள் உட்கார்வதில்லை. மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலை பற்றி முடிவெடுத்த அன்று நான் கோயில் மதிலோரம் நின்றுதான் கேட்டேன். "யாரும் மறுப்புச் சொல்லலை" என்று சொல்லி எழுந்துவிட்டார்கள். மறுப்பு என்னிடம் இருந்தது, கேட்க ஆள் இல்லை. அதனால்தான் அந்த அடிக்குறிப்பைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நடைமுறைக்கு வந்த நான்கு ஆண்டுக்குள், அதாவது 2029 செப்டம்பருக்குள், பிறகு பார்க்கலாம் என்று விட்ட அந்த மானியத்துக்கான விதிகளை முடிக்க வேண்டும். இல்லையேல் உங்கள் அமைப்பின் பொதுக்குழு வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய இந்த ஒப்பந்தமே அற்றுப்போகும். அவசரம் வரும், கடைசி இரவும் வரும். அந்த இரவில் திருத்திய வரைவை விடியும் முன் முடிவாக்காதீர்கள். அறையில் இல்லாத நாட்டுக்கு அதை அனுப்பிவையுங்கள். எழுத்தில் பதில் வர ஒரு மாதம் பொறுத்திருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மீனவப் பெண்
நாகப்பட்டினம் மாவட்டம்