செயலாளரின் ஆண்டறிக்கை: மாக்ஸ் ஃபாஸ்மரும் அவரது அகராதியும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பேரவைத் தீர்மானப்படி, நம் மொழியியல் வட்டம் இவ்வாண்டு ஸ்லாவிய மொழியறிஞர் மாக்ஸ் ஃபாஸ்மரை மட்டுமே பாடமாக எடுத்துக்கொண்டது. 1886இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்தவர். சரத்தோவ், தார்த்து, லைப்சிக் நகரங்களில் கற்பித்து, 1925இல் பெர்லினில் பேராசிரியரானார். 1939இல் கிராக்கோவில் நாஜிகள் கைதுசெய்த போலந்துப் பேராசிரியர்களின் விடுதலைக்கு முயன்றவர்களில் ஒருவர்.

கூட்டங்களில் பெரும்பகுதி, சொற்களின் தோற்றத்தை ஆராயும் அவரது ருசியச் சொற்பிறப்பியல் அகராதிக்கே போயிற்று. 1938இல் நியூயார்க்கில் முறையாகக் குறிப்பெடுக்கத் தொடங்கினார். 1944 சனவரியில் பெர்லின் குண்டுவீச்சில் குறிப்புகளும் சொந்த நூலகமும் அழிந்தன. திரும்பவும் தொகுத்து, 1950 முதல் 1958 வரை ஹைடல்பெர்கில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். ருசிய மொழியறிஞர் ஓலெக் த்ருபச்சோவின் ருசிய மொழிபெயர்ப்பு 1964–1973இல் நான்கு தொகுதிகளாக வந்தது. அதை வெளியிட்டது, பழைய ருசிய நாவல்களை நமக்குத் தமிழில் தந்த அதே முன்னேற்றப் பதிப்பகம்தான். மொழிபெயர்ப்பில் சதுர அடைப்புக்குள் இருப்பவை த்ருபச்சோவின் சேர்க்கைகள். அவற்றை ஃபாஸ்மர் கருத்தாக மேற்கோள் காட்டுவது அடிக்கடி நேரும் பிழை.

ஒரு பதிவை வரிசை தப்பாமல் படிக்க வேண்டும். 'கோரத்' (நகரம்) என்ற சொல்லுக்கு முதலில் ஸ்லாவிய உறவுகள்: பல்கேரிய 'கிராத்', செக் 'ஹ்ராத்', போலிஷ் 'க்ருத்'. அடுத்து, இவற்றை ஒப்பிட்டு மீட்டுருவாக்கிய ஸ்லாவிய மூல வடிவம். அதன் பிறகே லித்துவேனிய 'கர்தாஸ்' (அடைப்பு), பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கின் 'கர்ட்ஸ்' (வீடு). நடுப்படியைத் தாண்டினால் ஒலியொப்புமை ஏமாற்றிவிடும். லெனின்கிராத்தில் வரும் 'கிராத்' ருசியத்தின் சொந்த வடிவமன்று, வழிபாட்டு மொழியான திருச்சபை ஸ்லாவியத்தின் வழி வந்தது. 'ஹ்லெப்' (ரொட்டி) இன்னொரு பொறி. கோதிக் 'ஹ்லைஃப்ஸ்' என்பதற்கு உடன்பிறப்பாகத் தோன்றும். ஆனால் பொது மூலத்திலிருந்து வந்திருந்தால் ஜெர்மானிய 'ஹ'வுக்கு எதிரே ஸ்லாவியத்தில் 'க' அல்லது 'ஸ' நிற்க வேண்டும். ஆகவே அது ஜெர்மானியத்திலிருந்து பெற்ற பழங்கடன்.

குறையும் உண்டு. மொழிபெயர்ப்புக் கடன்களையும் (பிறமொழிச் சொல்லைப் பகுதி பகுதியாகப் பெயர்த்து ஆக்கியவை) பொருள் மாற்றத்தையும் இன்னும் கவனித்திருக்கலாம் என்று ஃபாஸ்மரே ஒப்புக்கொள்கிறார். ஒலிவரலாற்றுக்கு இவரை நம்பலாம். பொருள்வரலாற்றுக்கு வேறு நூலையும் துணைக்கொள்க.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். த்ருபச்சோவ் தலைமையில் 1974இல் வெளிவரத் தொடங்கிய ஸ்லாவிய மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்