அவசரப்படுத்தாதவர்களுக்கு நன்றி

அன்புள்ள திருகோணமலை உறவுகளுக்கு,

போன வெள்ளிக்கிழமை கோட்டை வாசலில் இறங்கி, மான்கள் படுத்திருக்கும் அந்தப் பாதையால் கோணேசர் கோயில் வரைக்கும் நானே நடந்து போனேன். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. இடையில் மூன்று தரம் இருந்து இளைப்பாறினேன். ஆனாலும் போய்ச் சேர்ந்துவிட்டேன். அந்தச் சந்தோசத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 71 வயது. கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். பாக்கின்சன் நோயோடு ஏழு வருடமாக இருக்கிறேன். 1817இல் இதை முதலில் விளக்கமாக எழுதிய லண்டன் வைத்தியரின் பெயர் அது. தமிழில் நடுக்குவாதம் என்பார்கள். ஆனால் எனக்கு முதலில் வந்தது நடுக்கம் இல்லை, எழுத்துத்தான் சிறுத்தது. சாமான் துண்டில் முதல் வரி ஒழுங்காக இருக்கும், நாலாம் வரி எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். கடைசி வாங்கு வரை தெரியக் கரும்பலகையில் எழுதிய கை இது. முதலில் காட்டிய இடத்தில் “வயசு போனால் அப்படித்தான்” என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் வீணாகப் போனது. மூளையில், உடம்பை அசைக்க உதவும் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் அழிந்துபோவதால் வருவது இது என்று பிறகுதான் தெரிந்தது. முற்றாக மாற்ற மருந்து இல்லை. நடமாட வைக்க இருக்கிறது.

அந்த மருந்தை எனக்குப் பழக்கிய கிளினிக் தாதித் தங்கச்சிக்கு முதல் நன்றி. லெவோடோபா குளிசை நேரம் தவறக்கூடாது. மீன், பருப்பு என்று புரதம் கூடிய சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. சிங்களப் பிள்ளை, தமிழ் கொஞ்சம்தான் வரும். குளிசைப் பெட்டியில் நாலு மணிக்கூட்டு முகம் கீறி, முள்ளும் கீறித் தந்தாள். அது இன்னும் என் தலைமாட்டில் இருக்கிறது.

அப்புறம் உடற்பயிற்சி பழக்கும் பிசியோத் தம்பி. வாசற்படிக்குக் கிட்ட வந்தால் என் கால் நிலத்தில் ஒட்டிக்கொள்ளும். மனம் போ என்கிறது, கால் கேட்காது. அவர்தான் நிலத்தில் குறுக்காக நிறப் பட்டி ஒட்டச் சொன்னார். வெறும் நிலத்தில் அசையாத கால், ஒரு கோட்டைக் கண்டால் தாண்டுகிறது! பக்கத்து வீட்டுப் பொடியன், என் பழைய மாணவன், அறையிலிருந்து குசினி வரைக்கும் முழங்காலில் இருந்து ஒட்டினான். “டீச்சர், இடைவெளி சரியோ?” என்று அடிமட்டம் வைத்து அளந்து காட்டினான். அன்றைக்கு அழுதுவிட்டேன்.

ஓட்டோ நானாவுக்கு என்ன சொல்ல? ஒரு நாளும் கையைப் பிடித்து இழுத்ததில்லை. நான் இறங்க முடியாமல் நிற்கும்போது ஓட்டோக் கூரையில் விரலால் தாளம் போடுவார். அந்தத் தாளத்துக்குக் கால் எழும்பும். “மெதுவாப் போயிட்டு வாங்க டீச்சர், நான் பிளேன்டீ குடிக்கிறேன்” என்பார். காத்து நின்றதற்குக் காசு வாங்கியதே இல்லை.

டச்சு பே கடற்கரையில் காலையில் நடக்கும் தங்கச்சிமாரே, உங்களுக்கும்தான். என் குரல் இறங்கிப் போகிறது என்று தெரிந்து, காலடி எண்ணுகிற வேலையை என்னிடம் தந்தீர்கள். “இன்னும் சத்தமா, அக்கா!” இப்போது கனடாவிலிருக்கும் பேத்தி போனில் “என்ன அம்மம்மா?” என்று திருப்பிக் கேட்பது குறைந்திருக்கிறது.

என் மருமகளுக்குத் தனியாக. நான் அரை மணித்தியாலம் எடுத்துப் பத்துப் பயற்றங்காய் வெட்டும்போது, அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு நிற்பாள். கத்தியை வாங்கமாட்டாள். வருத்தக்காரரைக் கதிரையில் இருத்தி எல்லாம் செய்து கொடுப்பதும் அன்புதான், ஆனால் இந்த நோய்க்கு அது சரிவராது. இருந்தபடியே இருந்தால் உடம்பு இன்னும் இறுகும். இரவில் கட்டிலில் திரும்ப முடியாமல் கிடக்கும் நாட்கள் எனக்கும் உண்டு. அந்த நாட்களிலும் விடிந்தால் எனக்காக ஒரு பயற்றங்காய்க் கட்டு மேசையில் இருக்கும்.

இதை இரட்டைக் கோட்டுக் கொப்பியில், பெரிய எழுத்தில், மூன்று நாளாக என் கையாலேயே எழுதினேன்.

நானா, வருகிற வெள்ளியும் போவோம். காலை ஆறரைக்கு வாங்கோ.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்
உவர்மலை, திருகோணமலை