மாவு வண்டியின் கிராஸ் ஜாயின்ட்

அன்புள்ள மலருக்கு,

நானும் அம்மாவும் நலம். நேற்று நீ போனில் சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் கியர் போட்டு கிளட்சை விட்டால் அடியில் ‘டங்’ என்கிறது, ரிவர்ஸ் போட்டால் மறுபடி ஒரு ‘டங்’, நாற்பதைத் தாண்டினால் தரையெல்லாம் அதிருகிறது என்றாய். அதற்கு யாரோ கியர் பாக்ஸை இறக்கச் சொன்னாராம். அவசரப்படாதே, தங்கம். கேட்ட மாத்திரத்தில் எனக்கு அடியில் சுற்றும் ஷாஃப்டின் மடங்கும் மூட்டு, அதுதான் கிராஸ் ஜாயின்ட், அதன் மேல்தான் சந்தேகம். அதைப் பார்க்காமல் கியர் பாக்ஸில் யாரையும் கை வைக்க விடாதே.

உன் ஆம்னி வேனில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில், இழுப்பதோ பின் சக்கரம். கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸில் வரை நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓடுகிறது. கியர் பாக்ஸ் அசையாமல் நிற்கும். பின் ஆக்ஸில் ஸ்பிரிங் பட்டையோடு சேர்ந்து ஏறி இறங்கும். நீ மாவு டப்பாக்களை ஏற்றினால் ஒரு சாய்வு, இறக்கிவிட்டு வந்தால் இன்னொரு சாய்வு. அதற்குத் தக்கபடி மடங்கிக்கொண்டே சுற்றத்தான் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸ் இருக்கிறது. கூட்டல் குறி மாதிரி நாலு கை, ஒவ்வொரு கைக்கும் ஒரு கப், கப்புக்குள் சுற்றிலும் ஊசி ஊசியாக ரோலர். சீல் போய்த் தண்ணீர் இறங்கினால் கிரீஸ் செத்துவிடும், ஊசிகள் கிராஸின் கையில் வரி வரியாகப் பள்ளம் போட்டுவிடும். போன மழைக்கு வேளச்சேரித் தண்ணீரில் வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்று நீயே சொன்னாயே.

மாப்பிள்ளையின் கார் முன் சக்கர இழுவை. அதில் இருப்பது சிவி ஜாயின்ட், முன் சக்கரம் திரும்பிக்கொண்டே சுற்ற உதவும் வேறு வகை மூட்டு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ‘டிக் டிக்’ என்றால் அங்கே பார்க்க வேண்டும், ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்பதை முதலில். அது வேறு வைத்தியம்.

உன் வண்டிக்கு வருகிறேன். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போடச் சொல். அடியில் போய் ஷாஃப்டை ஒரு கையிலும் ஆக்ஸில் பக்கத்து ஃபிளான்ஜை, அதாவது ஷாஃப்டை போல்ட் போட்டுப் பூட்டும் தட்டை, மறு கையிலும் பிடித்து எதிரெதிராக முறுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கொஞ்சம் திரும்பினால் அது ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல் இடைவெளி, ஓரளவு இருக்கத்தான் செய்யும். ஒன்று நிற்க மற்றது மட்டும் ஆடினால் கிராஸ் போய்விட்டது. கப்பு ஓரத்தில் செங்கல் பொடி நிறத்தில் துரு கசிந்திருந்தால் முறுக்கிப் பார்க்கக்கூட வேண்டாம்.

மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்று. எப்படியும் ஷாஃப்ட் கீழே இறங்குகிறது; இன்னொன்றுக்காக மறுபடி கூலி கொடுப்பானேன்? கழற்றுமுன் ஃபிளான்ஜிலும் ஷாஃப்டிலும் நேருக்கு நேர் ஒரு அடையாளம் போடச் சொல். பழையபடி பூட்டாவிட்டால் அதிர்வு புதிதாகக் கிளம்பும். முன் முனையை உருவும்போது கியர் ஆயில் வடியும், பயப்படாதே. கடைசியில் அளவு பார்த்து ஊற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், வேலை நடக்கும்போது நீ பக்கத்தில் நிற்க வேண்டும். டீ குடித்துவிட்டு வாங்கம்மா என்பார்கள், நகராதே. பழைய கப்பை வைஸில், அதாவது திருகி இறுக்கும் பிடியில், வைத்து, ஒரு பக்கம் சின்ன சாக்கெட், மறு பக்கம் பெரிய சாக்கெட் கொடுத்து இறுக்கினால் தானாக வெளியே வரும். சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தால் கப்பு உட்காரும் காது விரிந்துவிடும். பிறகு எந்தப் புதுக் கிராஸும் அதில் நிற்காது. இதை மட்டும் சொன்னால் கேட்காத மெக்கானிக்கிடம் வண்டியை விடாதே. காது ஏற்கெனவே தேய்ந்து, கப்பு கையாலேயே போய் உட்கார்ந்தால் ஓட்டையைச் சுற்றி சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கம்பியால் குத்தியோ தகரத் துண்டு செருகியோ இறுக்கிக் கொடுப்பார்கள். கொஞ்ச நாள் ஓடும். அந்த நிலை என்றால் ஷாஃப்டையே மாற்றிவிடு, செலவு பார்க்காதே. ஷாஃப்ட் முன் முனையில் கழன்று ரோட்டில் குத்தினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

புதுக் கப்பைப் பூட்டும்போது ஊசி ஒன்று சரிந்து அடியில் படுத்துக்கொள்ளும். இது எல்லாப் பட்டறையிலும் நடப்பதுதான். கப்பு முழுசாக உள்ளே போகாது, கப்பை வெளியே வராமல் பிடிக்கும் சர்க்ளிப் என்ற வளையம் அதன் காடியில் உட்காராது. அப்போது இன்னும் இறுக்கித் தள்ளக் கூடாது. கப்பை வெளியே எடுத்து, ஊசியை நிமிர்த்தி, கிரீஸ் தடவி மறுபடி வைக்க வேண்டும். நாலு சர்க்ளிப்பும் உட்கார்ந்த பிறகு நீயே கையால் மடக்கிப் பார். எங்கும் பிடிக்காமல், தொளதொள என்றும் இல்லாமல் மடங்க வேண்டும். கிரீஸ் நிப்பிள், அதாவது வெளியிலிருந்து கிரீஸ் ஏற்றும் சின்ன முனை, வைத்த கிராஸ் கிடைத்தால் அதையே வாங்கு. தண்ணீரில் ஓட்டினால் அடுத்த வாரமே கிரீஸ் கன்னைக் காட்டிவிடலாம். நிப்பிள் கன் எட்டும் பக்கம் பார்த்து இருக்கட்டும். பூட்டிய பிறகு எட்டவில்லை என்று தலையைச் சொறிவார்கள்.

சனிக்கிழமை கொண்டுபோவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை மாவு அரைத்து முடித்ததும் கூப்பிடு. மெக்கானிக்கிடம் நானே இரண்டு வார்த்தை பேசுகிறேன். மாப்பிள்ளை தானே கீழே படுத்துப் பார்க்கிறேன் என்பார். பார்க்கட்டும், ஆனால் வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்டு வைக்காமல், வெறும் ஜாக்கை நம்பிப் படுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா