மார்பக நிழலை இதய நோய் என்று படிக்காதீர்கள்

நெல்லைச் சீமையில் இதய ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் அணு மருத்துவ நிபுணர்களுக்கும்,

வணக்கம். உடம்பிலிருந்து வரும் கதிர்களைப் பதிவுசெய்யும் காமா கேமராவுக்குப் பெரும் பணம் செலவிடுகிறீர்கள். அது பிடித்துத் தரும் எண்களைப் படமாக்கும் கணக்கிலும் அதே அக்கறை வேண்டும்.

ஸ்கேனுக்காக நரம்பில் ஏற்றும் கதிரியக்க டெக்னீசியம் மருந்து இதயத் தசையிலிருந்து வீசும் காமா கதிர்களில் பெரும்பங்கு உடம்புக்குள்ளேயே மட்டுப்படுகிறது. பெண்களுக்கு மார்பகத் திசுவும் ஆண்களுக்கு உதரவிதானமும் குறுக்கே நிற்கின்றன. அதைத் திருத்தாமல் படம் கட்டினால், ரத்தம் போகாத இடம்போல ஒரு மங்கல் விழும்.

பீடி சுற்றும் என் மதினிக்கு இதயத்தின் முன்சுவரில் மங்கல் என்று அறிக்கை வந்தது. அந்த ஸ்கேனின்போது இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிவைத்து அசையாமல் கிடந்தார். தோள் வலியில் விரல்கள் நடுங்கியதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். பிறகு வட்டிக்கு வாங்கி ஆஞ்சியோகிராம் எடுத்தோம். அடைப்பே இல்லை. எங்கள் வயிற்றில் பால் வார்த்த செய்திதான். ஆனால் அந்தக் கடனும் பயமும் தேவையா?

1982-இல் ஷெப், வார்டி என்ற ஆய்வாளர்கள் இருவரும் தந்த படமாக்கும் வழியில், கணினி முதலில் ஒரு படத்தை ஊகிக்கிறது. அது சரியென்றால் கேமராவில் என்ன பதிவாகியிருக்கும் என்று கணக்கிட்டு, பதிவானதோடு ஒப்பிட்டுத் திருத்துகிறது, மீண்டும் மீண்டும். 1994-இல் ஹட்சன், லார்கின் இதை விரைவாக்கினார்கள். கதிர் மட்டுப்படுவதையும் கேமரா படத்தைத் தெளிவின்றிக் கலங்கலாக்குவதையும் கணக்குக்குள்ளேயே சேர்க்க முடிவதுதான் இதன் பெரும்பேறு. கேமராவின் கலங்கலைத் திருத்தும் மென்பொருள் இருந்தால், பாதி நேரத்தில் எடுத்த படமும் ஏறக்குறைய அதே தரத்தில் வரும். மதினியின் தோளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இயந்திரத்தைப் பொருத்தியவர் வைத்துவிட்டுப் போன அமைப்பையே நம்பியிராதீர்கள். கணினி திருத்தும் சுற்றுகள் குறைந்தால் படம் முழுமை பெறாது. கூடினால் படத்தில் புள்ளிப் புள்ளியாய் இரைச்சல் பெருகும். மனித உடலைப்போல் செய்த மாதிரி உருவத்தில் சோதித்து முடிவுசெய்யுங்கள். கதிர் எவ்வளவு மட்டுப்படும் என்று கணிக்க எடுக்கும் சி.டி. படமும் இதயப் படமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாவிட்டால் திருத்தமே பொய் மங்கலை உண்டாக்கும். இதை ஒவ்வொரு நோயாளிக்கும் பார்த்தாக வேண்டும். சி.டி. இல்லாத இடங்களில் குப்புறப் படுக்கவைத்து இன்னொரு படம் எடுத்து, மங்கல் மாறுகிறதா என்று பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவு மெருகேற்றிய படம் கண்ணுக்கு அழகாக இருக்கும். சிறு குறையையும் சேர்த்து அழித்துவிடக்கூடும் என்பதால், மெருகேற்றாத படத்தையும் பாருங்கள்.

கேமரா பதிவுசெய்த மூல எண்களை அழிக்காதீர்கள். நோயாளியின் ஒப்புதலோடு, பெயரை நீக்கி, அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களுக்குக் கொடுங்கள். நம் வட்டார உடல்வாகுக்கு எந்த அமைப்பு பொருந்தும் என்று அவர்கள் ஆராயட்டும்.

அதுவரை, திருத்தம் செய்த படமா செய்யாததா என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள். நோயாளிக்குப் புரியாவிட்டாலும், அதை வாங்கிப் படிக்கும் இதய மருத்துவருக்குப் புரியும்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை இயற்பியல் ஆசிரியர் ஒருவர்